"ஏதோ குறையுது" என்று கிளையன்ட் சொல்லும்போது

போன வாரம், டீமில் புதிதாகச் சேர்ந்த டிசைனர் ஒருத்தி கிளையன்ட் அனுப்பிய கரெக்‌ஷன் லிஸ்ட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். "அக்கா, இவங்களுக்கு என்ன வேணும்னு இவங்களுக்கே தெரியல" என்றாள். குரல் கம்மியிருந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. 14 வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே என் சீனியரிடம் சொல்லியிருக்கிறேன். "அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. அதைத்தான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த லிஸ்ட்டில் 17 வரி இருந்தது. முதல் வரி, "ஏதோ குறையுது". இரண்டாவது, "இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கணும்". ஏழாவது வரி ஒரு எழுத்துப்பிழை. பத்தாவது வரி, "இந்தக் கலர் எங்க எம்டிக்குப் பிடிக்காது". கடைசியாக, "மத்தபடி சூப்பர்". நான் லிஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, நாம் அனுப்பிய மெயிலைத் திறக்கச் சொன்னேன். அதில் ஒரு லிங்க் இருந்தது. கீழே, "பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லவும்". அவ்வளவுதான்.

எதைப் பற்றிய கருத்து என்று அதில் இல்லை. யார் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. இது முதல் வரைவா, அச்சுக்குப் போகிற பிரதியா என்பதுகூட இல்லை. கேள்வியைச் சொல்லாமலே பதில் கேட்டிருக்கிறோம். அவர்களும் நல்ல மனசோடு உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மேலிருந்து கீழாக எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்தவரையில் குழப்பமான ஃபீட்பேக்கில் பெரும்பங்கு இப்படித்தான் பிறக்கிறது. அது பிறக்கிற இடம் நம் மெயில்.

நான் இப்போதெல்லாம் அனுப்புகிற மெயில் ஒன்றை அவளுக்குக் காட்டினேன். "இது நிகழ்ச்சிப் போஸ்டரின் இரண்டாவது வடிவம். தலைப்பும் படமும் போன 12ஆம் தேதி நீங்கள் உறுதி செய்தவை, அவற்றை மாற்றவில்லை. இந்தச் சுற்றில் எங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு. பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு முதலில் தேதி கண்ணில் படுகிறதா? விவரங்களில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? நிறங்களை அடுத்த சுற்றில் பார்க்கலாம். வியாழன் மாலைக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பினால், திங்கட்கிழமை மூன்றாவது வடிவம் உங்கள் கையில் இருக்கும்."

எழுத ஐந்து நிமிஷம் ஆகும். ஏற்கெனவே முடிவானது எது என்று சொல்லும் வரிதான் இதில் ரொம்ப முக்கியம் என்பேன். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாமே திரும்பவும் பேச்சுக்கு வந்துவிடும். கிளையன்ட்டுக்கு நூறு வேலை. போன மாதம் தான் எதற்குச் சரி சொன்னோம் என்று அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஞாபகப்படுத்துவது நம் வேலை.

"ஒரே தொகுப்பாக" என்று அந்த மெயிலில் இரண்டு சொல் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. சில வருஷம் முன்னால் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை செய்தோம். 64 பக்கம். ஏழு பேர் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பிடிஎஃப்பிலேயே கமெண்ட் போட்டார்கள். ஒருவர் மெயிலில் எழுதினார். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதில் விரலால் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒருவர் பிரின்ட் எடுத்துப் பேனாவால் திருத்தி, அதை ஸ்கேன் செய்து அனுப்பினார். ஒருவர் போனில் மட்டும்தான் பேசுவார். ஏழாமவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

11ஆம் பக்கத்தில் ஒரு வரைபடம். ஒருவர் அதைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னொருவர் எடுத்தே விடச் சொன்னார். இருவரும் ஒரே அலுவலகத்தில், ஒரே மாடியில் இருப்பவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எடுக்கவும் இல்லாமல் பெரிதாக்கவும் இல்லாமல், கட்டத்துக்குள் அடக்கி, கீழே ஒரு குறிப்புச் சேர்த்து வைத்தேன். இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை நான் நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணப் பார்த்திருக்கிறேன். அதற்கு எனக்கு உரிமையும் இல்லை, விவரமும் தெரியாது. அந்த வரைபடம் அவர்கள் அலுவலகத்தில் யாருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாவது வடிவத்தில் ஏழாமவர் வாய் திறந்தார். "இது முதலீட்டாளர்களுக்கா, நம்ம ஊழியர்களுக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசிக் கையெழுத்து அவருடையது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் பக்க வரிசையே தலைகீழாக மாறியது. மூன்று வாரத்து வேலை போனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஏழு பேரில் சரியான கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான். அந்தக் கேள்வியை முதல் நாளே நான் அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இப்போது பிரீஃப், அதாவது வேலையின் தேவைகளைச் சொல்லும் குறிப்பு, வாங்கும்போதே இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கடைசியில் "சரி, அனுப்புங்க" என்று சொல்லப்போவது யார்? அவர் முதல் வரைவைப் பார்ப்பாரா? "அவருக்கு நேரம் இருக்காது, நாங்களே பார்த்துக்குவோம்" என்று பதில் வந்தால் விடுவதில்லை. அவருக்கென்று ஒரே பக்கத்தில் ஒரு குறிப்புத் தயார் செய்து தருகிறேன்: யாருக்காகச் செய்கிறோம், அவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும், எந்தத் திசையில் போகிறோம். பத்து நிமிஷ வேலை. அதற்குக்கூட நேரம் இல்லை என்றால் அந்த புராஜெக்ட்டை ஆரம்பிக்காமல் காத்திருப்பதே நல்லது.

தொகுத்துத் தருவது யார் என்பதும் அப்படித்தான். நம்மோடு பேசுகிறவர் பெரும்பாலும் அங்கே இடைநிலைப் பதவியில் இருப்பார். தன் மேலதிகாரிகள் இருவரிடம் போய் "நீங்க ரெண்டு பேரும் வேற வேற சொல்றீங்க" என்று சொல்ல அவருக்குத் தயக்கமாக இருக்கும். கிளையன்ட்டுக்கு மேலேயும் ஒரு கிளையன்ட் இருக்கிறார், இதை மறந்துவிடக் கூடாது. அந்தத் தயக்கத்துக்கு நாம் ஒரு கை கொடுக்கலாம். முரண்படுகிற கமெண்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேர் போடாமல், "இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது, எதை எடுப்பது?" என்று ஒரு அட்டவணை செய்து கொடுத்துவிடுவேன். அவர் அதை அப்படியே மீட்டிங்கில் வைத்தால் போதும். கேட்டது நாம், அவர் இல்லை.

சரி, கமெண்ட் ஒரே தொகுப்பாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு பெரிய வேலை இருக்கிறது. கமெண்ட்டைப் படித்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு இசை நிகழ்ச்சிப் போஸ்டர்.

"லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று வந்தது. ஆக்கினோம். "இன்னும் கொஞ்சம்." ஆக்கினோம். மூன்றாவது முறையும் அதே. டிசைனர் கோபத்தில் இருந்தார். போஸ்டரின் தலைப்புக்குச் சமமாக லோகோ வந்துவிட்டது. நான் அந்த மேடத்துக்குப் போன் செய்து, "போஸ்டரை எதுல பாக்குறீங்க மேடம்?" என்று கேட்டேன். "மொபைல்லதாம்மா" என்றார். ஏ2 போஸ்டர், அகலம் 420 மில்லிமீட்டர். கையில் இருக்கிற போன் திரையின் அகலம் சுமார் 70 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு. அச்சில் 60 மில்லிமீட்டர் அகலத்தில் வரப்போகிற லோகோ அவர் கண்ணுக்கு 10 மில்லிமீட்டராகத் தெரிகிறது. அதற்குள் இருந்த பெயரை அவரால் வாசிக்க முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பெரிதாக்கத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலையே முதலில் செய்த அளவில், ஏ2 தாளில் பிரின்ட் எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினோம். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, கொஞ்சம் தள்ளி நின்று போட்டோ எடுத்து அனுப்பினோம். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "ஓ, இவ்ளோ பெருசா! அப்ப முன்னாடி இருந்ததே போதும்." இதற்கு மூன்று சுற்று போயிருந்தது. அவர் சொன்னது தீர்வு. அவருக்கு இருந்த பிரச்சினை "பெயர் வாசிக்க முடியல" என்பது. பிரச்சினையைக் கேட்டிருந்தால் முதல் சுற்றிலேயே முடிந்திருக்கும். அதிலிருந்து "இப்படி மாத்துங்க" என்று எது வந்தாலும், செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "இது இப்ப இருக்கிற மாதிரியே போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" கேட்கிற தொனி முக்கியம். சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தால் எதிர்ப்பக்கம் கதவு மூடிக்கொள்ளும். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இதை வைத்து, கிளையன்ட் சொல்கிற தீர்வு எல்லாமே தப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இணையதள வேலையில் எங்கள் டிசைனர் விவரக் குறிப்புகளை வெளிர் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தார். கிளையன்ட், "படிக்கச் சிரமமா இருக்கு, கறுப்பாக்குங்க" என்றார். டிசைனர் விடவில்லை. அழகே அந்த மென்மையில்தான் இருக்கிறது என்றார். இரண்டு நாள் இழுபறி. சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். டபிள்யூசிஏஜி என்கிற அணுகல்தன்மை வழிகாட்டுதலில், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு இருக்க வேண்டும் என்று ஏஏ என்கிற இரண்டாம் நிலை சொல்கிறது. பெரிய எழுத்தாக இருந்தால் 3க்கு 1 போதும். எங்கள் நிறத்தின் ஹெக்ஸ் குறியீடு (திரை நிறங்களைக் குறிக்கும் எண்) 999999, வெள்ளைப் பின்னணி. வந்தது 2.85. பெரிய எழுத்துக்குக்கூட அது பத்தாது. 767676 வரை கறுப்பாக்கினால் 4.5ஐத் தாண்டிவிடுகிறது. அதற்கு மாற்றினோம். மென்மையும் போகவில்லை, டிசைனரின் முகமும் மாறவில்லை. அளக்க முடிகிற விஷயத்தில் ரசனையை வைத்து வாதாடுவது வீண் வேலை. கிளையன்ட்டின் கண் அங்கே எங்கள் கண்ணைவிட நேர்மையாக இருந்தது, அதை அவரிடமே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கமெண்ட் போடுவதில் ஒரு நம்பிக்கை வந்ததைப் பார்த்தேன்.

வீடியோ வேலையில் இன்னொரு தொல்லை, இடம். "அந்த இடத்துல மியூசிக் சீக்கிரம் வந்துடுது" என்பார்கள். எந்த இடம்? நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிற வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி நொடி. மியூசிக் நாலு ஃபிரேம் முன்னால் வந்தாலே காது பிடித்துவிடும். அதனால் டைம்கோடு கேட்கிறோம், அதாவது மணி, நிமிஷம், நொடி, ஃபிரேம் என்று அந்த இடத்தைக் காட்டும் எண். ஆனால் டைம்கோடு மட்டும் போதாது என்பதை ஒரு நிறுவன வீடியோவில் கஷ்டப்பட்டுக் கற்றோம். இரண்டாவது வெர்ஷனைப் பார்த்த கிளையன்ட், 00:00:42:13இல் வருகிற ஷாட் வேண்டாம் என்று எழுதினார். அவர் எழுதுவதற்குள் நாங்கள் மூன்றாவது வெர்ஷனுக்குப் போய்விட்டோம், தொடக்கத்தில் 3 நொடி 10 ஃபிரேம் வெட்டியிருந்தோம். ஆக, அவர் சொன்ன ஷாட் இப்போது 00:00:39:03இல் இருக்கிறது. எடிட்டர் மூன்றாவது வெர்ஷனைத் திறந்து, 42:13க்குப் போய், அங்கே இருந்த ஒரு நல்ல ஷாட்டைத் தூக்கிவிட்டார். வேண்டாம் என்ற ஷாட் அப்படியே இருந்தது. அடுத்த மீட்டிங்கில் அந்த நிசப்தம் இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

இன்றுவரை ரிவ்யூவுக்குப் போகிற எந்த வீடியோவிலும் மேல் மூலையில் வெர்ஷன் எண்ணும் டைம்கோடும் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். கமெண்ட்டில் இரண்டும் இருந்தால்தான் எடிட்டர் கை வைப்பார். இதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன. 2014இல் தொடங்கி 2021இல் அடோபி வாங்கிய ஃபிரேம்.ஐஓ மாதிரியானவற்றில், கமெண்ட் அந்த ஃபிரேமிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், வெர்ஷன்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். டிசைனுக்கு ஃபிக்மாவில் அதே வசதி. முடிந்தால் பயன்படுத்துங்கள், நிஜமாகவே நேரம் மிச்சம். ஆனால் கருவி "எங்கே" என்பதைத்தான் தீர்க்கும். "ஏன்" என்பதை நாம்தான் கேட்க வேண்டும். "ஏதோ குறையுது" என்பதை 42ஆவது நொடியில் ஒட்டிவைத்தாலும் அது "ஏதோ"தான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ராத்திரி பத்தரை மணிக்குக் கிளையன்ட் மெசேஜ் அனுப்பினார், "எல்லாமே மஞ்சளா இருக்கு, குறைங்க." குறைத்தோம். அச்சு ப்ரூஃப், அதாவது சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாள், வந்தபோது படத்தில் இருந்தவர்களின் தோல் நிறம் நீலம் பாய்ந்திருந்தது. அவருடைய போனில் ராத்திரி நேரத்தில் திரை தானாக மஞ்சளாகிற வசதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ப்ரூஃபில் பிடிபட்டது நல்ல வேளை. அச்சு நிறத்தைப் பார்க்க ஐஎஸ்ஓ 3664 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. டி50 என்கிற, சுமார் 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறது அது. எல்லாக் கிளையன்ட்டும் அப்படி ஒரு விளக்கு வைத்திருக்க முடியாது. அதனால், அச்சுக்குப் போகிற வேலையில் நிறத்துக்கான சம்மதத்தைத் திரையில் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில், தாளைக் கையில் கொடுத்துத்தான் கேட்கிறேன்.

சுற்றுகள் எத்தனை என்பதைவிட ஒரு சுற்று என்றால் என்ன என்று இரண்டு பக்கமும் ஒரே அர்த்தத்தில் புரிந்துகொள்வதுதான் தேவை. முதல் சுற்றில் விஷயம் சரியா, ஆளுக்குப் போய்ச் சேருமா என்பதை மட்டும் கேட்கிறோம். அந்த வரைவை வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் அனுப்புவோம். பளபளவென்று முடித்து அனுப்பினால், "முடிஞ்சிடுச்சு போல" என்று நினைத்து, பெரிய விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, காற்புள்ளியைத் திருத்தித் தருவார்கள். பெரிய விஷயம் அவர்கள் மனசுக்குள்ளேயே கிடந்து, கடைசிச் சுற்றில் வெடிக்கும்.

இதுவரை வெளியே போகிற வேலையைச் சொன்னேன். உள்ளே நடக்கிற ரிவ்யூ இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே நாளைக்கும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய ஒரு விமர்சன முறை எங்களுக்கு ரொம்ப உதவியது. அதில் நாலு படி. பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனசில் நின்றது என்று முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, செய்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் செய்தவரின் அனுமதி கேட்டு.

மூன்றாவது படிதான் எங்களைத் தடுமாறவைத்தது. "ஏன் இவ்ளோ இருட்டா வெச்சிருக்க?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. இருட்டாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். "வெளிச்சம் எவ்ளோ இருக்கணும்னு எதை வெச்சு முடிவு பண்ணின?" என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் யோசித்துப் பதில் சொல்லத் தொடங்குவார். பாதிப் பதிலில் அவரே, "இல்ல, இது கொஞ்சம் அதிகமா போயிடுச்சு" என்பார். ஆரம்பத்தில் இப்படிப் பேசுவது எல்லோருக்கும் செயற்கையாக இருந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

நான் ஒரு தப்பை ரொம்ப வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கிளையன்ட்டின் கமெண்ட் எல்லாம் முதலில் எனக்கு வரும். காரமானதை நான் மென்மையாக்கி, என் வார்த்தையில் எழுதி ஜூனியர்களுக்குத் தருவேன். பாதுகாக்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் எங்கள் எழுத்தாளர், "அக்கா, அவங்க எழுதினதையும் கூடவே குடுங்க. நீங்க சொல்றதுல அவங்க குரல் இல்ல" என்றாள். அன்றைக்கு நான் தந்திருந்த குறிப்பு "வாசகம் இன்னும் நெருக்கமாக இருக்கலாம்" என்பது. கிளையன்ட் எழுதியிருந்தது, "இது எங்க அம்மாக்குப் புரியாது." எந்த வரியை வைத்து எழுத முடியும், சொல்லுங்கள். அம்மா என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் மொத்த வாசகத்தையும் வேறு மாதிரி எழுதினாள், ஒரே தடவையில் சம்மதம் வந்தது. இப்போது கிளையன்ட்டின் வார்த்தையை அப்படியே வைத்து, பக்கத்தில் என் குறிப்பைத் தருகிறேன். திட்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தருகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதையும் தருவதில்லை.

திருப்பி அனுப்பும்போது ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் ஒரு பதில் இருக்கும். செய்தோம். அல்லது, செய்யவில்லை, காரணம் இது. அல்லது, செய்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இதில் நடுவில் இருப்பதை எழுதத்தான் தைரியம் வேண்டும். சத்தமில்லாமல் விட்டுவிட்டு, அவர் கவனிக்க மாட்டார் என்று நம்புவது சுலபம். கவனிப்பார்கள். கவனித்தபின் நம்முடைய மற்ற 16 திருத்தத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதேபோல, பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் வேண்டாம். "வியாழன் மாலைக்குள் பதில் இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தை நிறுத்தி வைப்போம், தேதி தள்ளிப்போகும்" என்று முன்பே எழுதிவிட்டு, வியாழன் காலையில் ஒரு போன் போட்டுவிட்டால் தீர்ந்தது.

அந்த 17 வரி லிஸ்ட்டுக்கு வருகிறேன். அவளையே கிளையன்ட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன், நான் பக்கத்தில் இருந்தேன். "சார், முதல் வரியில ஏதோ குறையுதுன்னு எழுதியிருந்தீங்க. அது எங்களுக்கு முக்கியம். பார்த்தவுடனே உங்க கண்ணு எங்க போச்சு, எங்க போகணும்னு எதிர்பார்த்தீங்க?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நாங்களும் அந்த மௌனத்தை நிரப்பாமல் காத்திருந்தோம். அப்புறம் அவர், தன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் யாருமே அந்தப் படங்களில் இல்லை, இயந்திரங்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றார். தானே இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

நேற்று மறுபடி அனுப்பினோம். இந்த முறை மெயிலை அவளே எழுதினாள், இரண்டு கேள்வியோடு. இன்று காலை ஆறு கமெண்ட் வந்தது, எண் போட்டு, ஒரே ஆளிடமிருந்து. நாலாவது கமெண்ட்: "கடைசிப் பக்கம் எனக்குப் பிடிக்கல. ஏன்னு சொல்லத் தெரியல. பேசலாமா?" அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே கடைசிப் பக்கத்தை நிஜ அளவில் பிரின்ட் கொடுத்துவிட்டாள். நாலு மணிக்குப் பேசுகிறார்கள்.